இரவல் குரல்: பிராக் நகரத்து இசைக்குழு ஒன்றைப் பற்றி

ஒரு கலைஞனைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் 'பாதிப்பு' என்ற வார்த்தை வந்துவிடுகிறது. யாரைப் படித்தான், யாரைக் கேட்டான், எவரிடமிருந்து எடுத்தான் என்று ஒரு ஜாபிதா போட்டுவிட்டால் விமர்சனம் முடிந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. பாதிப்பே இல்லாத சுயம்பு என்று ஒருவனைத் தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. இரு தரப்புமே விஷயத்தை வரவு செலவாகத்தான் பார்க்கின்றன. பாங்க்கில் லெட்ஜர் எழுதிப் பிழைக்கும் எனக்கே இந்தக் கணக்கு சலிப்புத் தருகிறது. வாங்கியது பிறகு என்னவாக மாறிற்று, எந்த நிர்ப்பந்தத்தில் மாறிற்று என்பதுதான் கேட்க வேண்டியது. இதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம், 1968ல் பிராக் நகரத்தில் ஆரம்பித்த ஒரு ராக் இசைக்குழுவின் முதல் எட்டு வருஷங்கள்.

1968 ஆகஸ்ட் 20 இரவு வார்ஸா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. டூப்செக் தலைமையில் சில மாதங்களே நீடித்த தளர்வு முடிந்தது. அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில் மிலான் ஹ்லாவ்ஸா என்ற 17 வயதுப் பையன், கசாப்புத் தொழில் பயின்றவன், சிநேகிதர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவைத் தொடங்கினான். அவன் வாசித்தது பேஸ் கிடார். குழுவின் பெயர் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்'. முதல் இரண்டு சொற்கள் அமெரிக்கரான ஃப்ராங்க் ஸாப்பாவின் 1967ம் வருஷத்திய பாட்டு ஒன்றின் தலைப்பு. போலி மனிதர்களைக் கேலி செய்ய ஸாப்பா உபயோகித்த பெயரை இவர்கள் தங்களுக்கே சூட்டிக்கொண்டு, 'பிரபஞ்சத்தின்' என்று ஒரு வாலும் சேர்த்துக்கொண்டார்கள். டாங்கிகளுக்குப் பதிலாகவே இந்தக் குழு பிறந்தது என்று பின்னால் எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பின்னாளைய சரித்திரத்தை முன்னால் கொண்டுபோய் ஒட்டும் காரியமாகப் படுகிறது. அந்தப் பையன்களுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு குறிப்பிட்ட சப்தம், அவ்வளவுதான்.

அந்தச் சப்தம் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. நியூயார்க்கின் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' முதலாவது. ஆண்டி வார்ஹால் பெயரைத் தாங்கி 1967ல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் ஜான் கேல் மின்சார வியோலாவை ஒரே ஸ்வரத்தில் நீட்டி இழுத்து, பாட்டின் அடியில் ஒரு ரீங்காரமாக நிறுத்தியிருப்பார். இரண்டாவது, அதே நகரத்தின் 'ஃபக்ஸ்'. எட் ஸாண்டர்ஸ், டூலி கூப்ஃபர்பெர்க் என்ற இரண்டு கவிஞர்கள் ஆரம்பித்த குழு அது. சங்கீதத் தேர்ச்சியைப் பற்றிக் கவலைப்படாமல் பிளேக்கின் கவிதையையும் ஆபாசத்தையும் ஒரே மூச்சில் பாடியவர்கள். மூன்றாவது ஸாப்பா, அவரிடமிருந்து வந்தது கேலியும், ராக் இசைக்குள் எதையும் நுழைக்கலாம் என்ற தைரியமும். இந்த மூவரில் எவரும் தங்கள் ஊரில் அப்போது பெரிய வியாபார வெற்றி பெற்றவர்கள் இல்லை. பீட்டில்ஸை நகல் செய்த குழுக்கள் பிராகில் ஏராளமாக இருந்தபோது, இவர்கள் ஓரத்தில் நின்றவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவன் தேர்ந்தெடுக்கும் முன்னோடிகளில் அவனுடைய ருசி பாதி தெரிந்துவிடுகிறது.

1969ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. 'பிரிமிடிவ்ஸ் குரூப்' என்ற முந்தைய பிராக் குழு கலைந்து, அதிலிருந்த யோஸெஃப் யானீச்செக் கிடார் வாசிக்க இவர்களிடம் வந்தார். இவான் யிரோவ்ஸ் என்ற கலை வரலாற்று மாணவர் குழுவின் வழிகாட்டி ஆனார். 1944ல் பிறந்தவர், பைத்தியக்காரன் என்ற அர்த்தத்தில் 'மாகோர்' என்று சிநேகிதர்கள் இவரை அழைத்தார்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்டுக்கு வார்ஹால் எப்படியோ அப்படி இவர் இவர்களுக்கு. அடுத்து யிர்ஷி காபெஷ் வியோலாவுடன் சேர்ந்தார். வியோலா இருக்கும் ராக் குழு என்றாலே கேலின் நிழல்தான். அதை அவர்கள் மறைக்க முயலவும் இல்லை.

இதுவரை இது ஒரு சாதாரணக் கதை. திறமையுள்ள இளைஞர்கள், நல்ல ருசி, இரவல் பாஷை. ஆங்கிலம் அவர்களுக்கு அரைகுறை. இப்படியே விட்டிருந்தால் மேற்கத்திய ராக்கின் சுமாரான பிராக் கிளையாக இருந்து, கல்யாணம் ஆனதும் கலைந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். விடவில்லை.

1970ல் குழுவின் தொழில்முறை லைசென்ஸ் பறிபோயிற்று. ஆக்கிரமிப்புக்குப் பின் வந்த ஹூஸாக் ஆட்சி அந்தக் காலத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் 'இயல்பாக்கம்'. துப்பாக்கியைவிட அதிகமாக ஃபைல்களால் நடந்த ஆட்சி அது. சம்பளம் வாங்கி மேடையில் வாசிக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு அதிகாரிகள் முன் வாசித்துக் காட்டித் தேற வேண்டும். தலைமுடியை வெட்டிக்கொண்டு, பெயரை மாற்றிக்கொண்டு, செக் மொழியில் சாதுவான பாட்டுகளைப் பாடியவர்கள் தேறினார்கள். 'புளூ எஃபெக்ட்' என்ற நல்ல குழுவே செக் மொழியில் 'மோட்ரீ எஃபெக்ட்' ஆயிற்று. பிளாஸ்டிக் பீப்பிள் மாறவில்லை. அரசு கொடுத்திருந்த வாத்தியங்களும் ஒத்திகை இடமும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன. மெக்கானிக்கான யானீச்செக் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர்கள் கட்டினார். யாரையும் கைது செய்யாமல், ஒரு கையெழுத்தினால் ஒரு குழுவை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த உண்மை. கோபமே இல்லாமல் செய்துவிடலாம் என்பதுதான் அதில் பயங்கரமானது.

இந்தக் கட்டத்தில்தான் பால் வில்சன் வருகிறார். 1967ல் ஆங்கிலம் கற்பிக்கப் பிராக் வந்த கனடாக்காரர். 1970லிருந்து 1972வரை இவர்தான் பாடினார். வெல்வெட், ஃபக்ஸ் பாடல்களின் சொற்களை மற்றவர்களுக்கு விளக்கியவரும் இவரே. யிரோவ்ஸுக்குக் கலைஞர் சங்கத் தொடர்பு இருந்ததால் ஒரு தந்திரம் செய்தார். ஆண்டி வார்ஹாலைப் பற்றிச் சொற்பொழிவு என்று அறிவிப்பார். சில ஸ்லைடுகளைக் காட்டுவார். பிறகு வெல்வெட் அண்டர்கிரவுண்ட் இசைக்கு 'விளக்கம்' என்று குழு இரண்டு மணி நேரம் வாசிக்கும்.

வேடிக்கையான இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆங்கிலத்தைச் சரியாகப் பாடக்கூடிய ஒருவர் வந்ததுமே, ஆங்கிலத்தில் பாடுவதற்கான காரணம் தேய்ந்துவிட்டது. தெரியாத பாஷையில் ஒரு மந்திரத்தன்மை இருக்கிறது. புரிந்ததும் அது இன்னொருவன் தன் ஊரைப் பற்றிச் சொன்னதாகிவிடுகிறது. செக் மொழியில் பாடும்படி அவர்களைத் தூண்டியவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட வில்சனேதான். வில்சன் விலகிய பிறகு, ஃப்ரீ ஜாஸ் வழியில் சாக்ஸஃபோன் வாசித்த விராதிஸ்லாவ் பிராபெனெட்ஸ் சேர்ந்தார். பிறர் பாடல்கள் நின்றன. ஹ்லாவ்ஸா எகோன் போண்டியின் கவிதைகளுக்கு இசையமைக்க ஆரம்பித்தார்.

போண்டி 1930ல் பிறந்தவர். உண்மைப் பெயர் ஸ்பினெக் ஃபிஷர். ஸ்டாலினிய யூத எதிர்ப்பைப் பொறுக்காமல் ஒரு யூதப் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர். தட்டச்சுப் பிரதிகளில் மட்டும் உலவிய இவருடைய கவிதைகள் வேண்டுமென்றே தட்டையானவை. பீர், சலிப்பு, உடம்பின் உபாதைகள். மலச்சிக்கலைப் பற்றிய ஒரு கவிதையும் குழுவின் பாட்டாயிற்று. அரசு குழுக்களிடம் கேட்டது செக் மொழிதானே. இவர்கள் செக் மொழிக்கு வந்தார்கள். ஆனால் அரசு அச்சிட மறுத்த கவிஞனின் வழியாக வந்தார்கள்.

மொழி மாறியதும் சங்கீதமும் மாறியது. செக் மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். ஆங்கில ராக் பாட்டின் வரி பெரும்பாலும் அழுத்தமில்லாத அசையில் கால் வைத்து மேலே தாவுகிறது. செக் வரி எடுத்த எடுப்பில் அடித்துவிட்டுக் கீழே இறங்குகிறது. போண்டி பாடல்களில் பேஸ் ஒரே உருவைத் திரும்பத் திரும்ப அடிக்க, குரல் பாடாமல் உச்சாடனம் செய்கிறது. காபெஷின் வியோலா ரம்பம் போல அறுக்கிறது. அதன்மேல் சாக்ஸஃபோன் அலறுகிறது. கேலின் வியோலா ஒரு மயக்கத்தை உண்டாக்கியது. காபெஷின் வியோலாவில் மயக்கம் இல்லை, எரிச்சல் இருக்கிறது. வாத்தியம் அதே வாத்தியம்தான். பாதிப்பு அழியவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டது.

இந்தப் பாடல்கள் 1974-75ல் ஹவுஸ்கா என்ற கோட்டையில் பதிவு செய்யப்பட்டு, 1978ல் பிரான்ஸில் இசைத்தட்டாக வெளிவந்தன. பீட்டில்ஸின் 'ஸார்ஜெண்ட் பெப்பர்' தலைப்பைத் திரித்து, 'குழு' என்று வர வேண்டிய இடத்தில் 'தடைசெய்யப்பட்டது' என்று ஒலிக்கும்படி அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்குள் உள்ளூரில் நிலைமை முற்றிவிட்டிருந்தது. 1974 மார்ச்சில் செஸ்கே புடெயோவிட்ஸே அருகே இசை கேட்க வந்த நூற்றுக்கணக்கான இளைஞர்களைப் போலீஸ் அடித்துத் துரத்தியது. அதன்பின் கச்சேரிகள் கல்யாண விருந்துகளாக நடந்தன. இடம் கடைசி நேரத்தில் வாய்மொழியாகத் தெரியவரும்.

யிரோவ்ஸ் 1975ல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். அதிகார கலாச்சாரத்தோடு போட்டியிடாத, அதன் அங்கீகாரத்தையும் கேட்காத ஒரு 'இரண்டாவது கலாச்சாரம்' பற்றியது. மேற்கே எதிர்ப்பாளனைப் புகழும் பணமும் விழுங்கிவிடுகின்றன. இங்கே நம்மை எவரும் விலைக்குக் கேட்கப் போவதில்லை, கோடு தெளிவாக இருக்கிறது என்பது அவர் வாதம். இதை நான் முழுதும் ஏற்கவில்லை. கோடு கிழித்தவன் எதிராளி. அவன் தயவில் கிடைத்த தூய்மையைச் சொந்தச் சாதனையாகக் காட்டும் ஆபத்து இதில் இருக்கிறது. ஆனால் சின்ன வட்டத்துக்குள் எழுதுகிற எவரும் இந்த அறிக்கையைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. வட்டம் சிறியது என்பதற்காக அழவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை அவர். அதற்குள் என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் யோசிக்கிறார்.

1976 பிப்ரவரியில் யிரோவ்ஸின் கல்யாணமே கச்சேரியாயிற்று. மார்ச்சில் கைதுகள். செப்டம்பரில் விசாரணை, குற்றம், பொது அமைதிக்குப் பங்கம். யிரோவ்ஸுக்கு 18 மாதம், 'டிஜி 307' குழுவின் பாவெல் ஸாயீச்செக்குக்கு 12 மாதம், பிராபெனெட்ஸுக்கும் பாதிரியாரும் பாடகருமான ஸ்வாடோப்லுக் காராஸெக்குக்கும் தலா 8 மாதம். நீதிமன்றத்துக்கு வந்தவர்களில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் ஒருவர். இந்தப் பையன்களைச் சும்மா விட்டுவிட்டால், அரசியலே பேசாத எவனையும் நாளை உள்ளே தள்ளலாம் என்று அவர் கண்டார். 1977 ஜனவரியில் வந்த 'சாசனம் 77'க்கு இந்த வழக்கே நெருங்கிய தூண்டுதல். தத்துவப் பேராசிரியர் யான் பாடோச்கா அதன் முதல் பிரதிநிதிகளில் ஒருவர். நீண்ட போலீஸ் விசாரணைக்குப் பின் அந்த மார்ச்சிலேயே இறந்தார். அதே வருஷம் வில்சன் நாடு கடத்தப்பட்டார்.

1989ல் ஆட்சி விழுந்து ஹாவெல் ஜனாதிபதி ஆனதும், ஒரு ராக் குழு ஒரு ஆட்சியைக் கவிழ்த்தது என்று கதை கட்டினார்கள். அது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலச்சிக்கலைப் பற்றிப் பாடியவர்களை விடுதலை வீரர்கள் ஆக்குவது, அவர்களைப் போக்கிரிகள் என்ற அரசு வக்கீல் செய்த அதே தவறுதான். இரண்டிலும் சங்கீதம் காணாமல் போகிறது. 

சங்கடமான ஒன்றையும் சொல்ல வேண்டும். போண்டியின் பெயர் ரகசியப் போலீஸின் ஒத்துழைப்பாளர் கோப்புகளில் இருந்தது பிற்பாடு வெளிவந்தது. குழுவுக்குச் சொந்தக் குரலைக் கொடுத்த சொற்கள் இப்படிப்பட்ட மனிதனிடமிருந்து வந்தவை. யிரோவ்ஸ் மொத்தம் எட்டரை வருஷம் சிறையில் கழித்தவர். அவர் முன் போண்டியை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் ஹ்லாவ்ஸா அந்தச் சொற்களை வாங்கி என்ன செய்தார் என்பதை எந்தக் கோப்பும் மாற்றிவிட முடியாது. கொடுத்தவன் யோக்யதையால் பெற்றவனை அளக்க முடியாது என்பது வெல்வெட் அண்டர்கிரவுண்ட் விஷயத்தில் சரியென்றால் போண்டி விஷயத்திலும் சரிதான்.

ஹ்லாவ்ஸா 2001ல், 50 வயது ஆவதற்கு முன்பே இறந்தார். 1998ல் ஹாவெல் அமெரிக்கா போனபோது, வெள்ளை மாளிகையில் லூ ரீட் பாடினார். அருகில் நின்று ஹ்லாவ்ஸா வாசித்தார். முப்பது வருஷத்துக்கு முன் யாரைக் கேட்டுப் பழகினாரோ அவருடன். பாதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நான் ஹவுஸ்கா பதிவைக் கேட்கச் சொல்வேன்.