பிரித்துப் பூட்டிய உழுபொறி

முளா நதியும் பவனா நதியும் நெருங்கி வரும் இடத்தில் அமைந்தது சாங்வி. புனேயை அடுத்த இவ்வூரில் முன்னாளில் வயல்கள் இருந்தன; இன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அலுவல் நிமித்தம் இங்கே குடியேறிய நான், ஒரு விடுமுறை நாளில் பட்டறை ஒன்றின் வாயிலில் கண்ட காட்சியைச் சொல்கிறேன். பழைய டிராக்டர் ஒன்று இரு கூறாகப் பிரிந்து நின்றது. அதன் பெயர்த் தகட்டைப் படித்ததும் ஊர்க்காரர் ஒருவரை எதிர்ப்பட்ட மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. அது சென்னைச் செம்பியத்தில் பிறந்த இயந்திரம்!

லாரிக்கு அடியில் இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. என்ஜினையும் கியர்ப் பெட்டியையும் அது தாங்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்கோ அத்தகைய சட்டம் இல்லை. என்ஜின், கியர்ப் பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து, தாமே முதுகெலும்பாகின்றன. 1917-இல் ஹென்றி போர்டு பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிய போர்ட்ஸன், இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. எடையும் விலையும் குறைந்தன. ஆனால் கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டுமானால் வண்டியையே இரண்டாகப் பிரித்தாக வேண்டும்.

இவ்வித்தையை நம் நாடு பயின்ற வரலாறு, உணவுப் பற்றாக்குறையோடு தொடங்குகிறது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மத்திய டிராக்டர் நிறுவனம் தோன்றியது. போர் முடிந்தபின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டிராக்டர்களே அதன் முதற் படைக்கலங்கள். மத்திய இந்தியாவில் காஸ் என்னும் நாணல் ஆழ வேரோடிப் பல இலட்சம் ஏக்கரைப் பாழாக்கியிருந்தது. அதனை அகழ்ந்தெறியும் கனரக டிராக்டர்கள் வாங்க, 1949-இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் தந்தது. இயந்திரம் கப்பலில் வந்தது. அதன் உதிரிப் பாகமும் கப்பலில்தானே வரவேண்டும்? ஒரு பற்சக்கரம் உடைந்தால் ஓர் உழவுப் பருவமே வீணாகலாம். ஆகவே பழுது பார்க்கும் கையே பெருஞ் செல்வமாயிற்று. 1955-இல் நருமதைக் கரையில் உள்ள புத்னியில் டிராக்டர்ப் பயிற்சி நிலையம் எழுந்தது. 1959-இல் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உருவாயிற்று. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றியது.

அந்தச் சென்னை டிராக்டரைத்தான் சாங்வி மேஸ்திரி பிரித்திருந்தார். மராத்தியர் அவரை ‘மிஸ்திரி’ என்கின்றனர். நம் சொல்லுக்கும் அவர்கள் சொல்லுக்கும் போர்த்துக்கீசிய மொழியே தாய் என்பர்.

பிரிக்குமுன் அவர் முன்னச்சின் இருபுறமும் மர ஆப்புகளைச் செருகியிருந்தார். அவ்வச்சு நடுவில் மட்டுமே ஊன்றி அசைவதால், ஆப்பு இல்லையேல் என்ஜின் பாதி ஒருபுறமாகச் சாய்ந்துவிடும். வடித்த எண்ணெயை நோக்கினார். பால் நிறமானால் நீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துணுக்கு மின்னினால் பல் உடைந்திருக்கிறது. இவ்வகைப் பெட்டியில் பற்சக்கரங்கள் நகர்ந்து சென்று ஒன்றையொன்று கவ்வுகின்றன. வண்டி நிற்குமுன் கியர் மாற்றும் அவசரக்காரரின் வரலாறு, பல்லின் முனையில் சிதைவாகப் பதிந்திருந்தது.

கழற்றிய ஒவ்வொன்றையும் மேஸ்திரி கழற்றிய வரிசையிலேயே துணியின்மீது பரப்பினார். தாங்கிகளின் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளை எண்ணிக் கட்டினார். ஒன்று குறைந்தாலும் சக்கரங்கள் ஓலமிடும். பெட்டியின் எண்ணெயே கலப்பையைத் தூக்கும் பம்புக்கும் செல்வதால், தூசி படாதபடி அதனை மூடிவைத்தார்.

நேயர்களே, மொழிபெயர்ப்பாளனாகிய நானும் நாள்தோறும் வாக்கியங்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். பிரிப்பது எவர்க்கும் எளிது. பிரித்த வரிசையை மறவாதவரே மீண்டும் பூட்ட வல்லவர். மூன்றாம் நாள் மாலை அந்த டிராக்டர் உறுமிப் புறப்பட்டது. ஆலைகள் நமக்கு இயந்திரங்களைத் தந்தன. அவற்றை ஆண்டுக்கணக்கில் வாழ வைத்தவர்கள், பெயர் தெரியாத இத்தகைய மேஸ்திரிகளே.