மூலநூலைத் தேடிய சட்டப் பேராசிரியர்

முஸ்லிம் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று நீதிமன்றப் படியேறும்போது வழக்கறிஞரின் மேசையில் சில நூல்கள் வந்து அமர்கின்றன. அமீர் அலி, தியாப்ஜி, முல்லா, ஃபைஸி என்று ஆசிரியர் பெயராலேயே அவை அழைக்கப்படும். முல்லா என்றதும் மார்க்கம் கற்ற பெரியவர் ஒருவரை மனத்தில் வரைந்துகொள்வோர் உண்டு. அவர் தின்ஷா முல்லா என்னும் பார்சி வழக்கறிஞர். ஃபைஸி என்பதையும், பாகவி என்பதைப் போல மத்ரஸா வழங்கிய பட்டம் என்று சிலர் கருதக்கூடும். கேரளத்தில் அப்படியொரு பட்டம் இருக்கவும் செய்கிறது. ஆனால் சட்ட நூலில் நாம் காணும் ஃபைஸி ஒரு குடும்பப் பெயர். ஆஸஃப் அலீ அஸ்கர் ஃபைஸி (1899 - 1981) வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர், தூதர், பின்னர் காஷ்மீரில் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

பம்பாயின் சுலைமானி போஹ்ரா குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இஸ்மாயீலி ஷியாக்களின் ஒரு கிளை அது. கொள்கையில் நாம் வேறு, அவர் வேறு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பத்ருத்தீன் தியாப்ஜியின் குடும்பமும் ஃபைஸி குடும்பமும் உறவால் பிணைந்தவை. பம்பாயில் சட்டம் பயின்ற பின் அவர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று அரபியும் பாரசீகமும் கற்றார். 1926 முதல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். சட்டமும் அரபியும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது அக்காலத்தில் அரிது. அது எவ்வளவு அரிது என்பதை உணர, நமது சட்டம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலம் முதல் முஸ்லிம்களின் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இஸ்லாமியச் சட்டப்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று கம்பெனி ஆட்சி ஒப்புக்கொண்டிருந்தது. நீதிபதிகளுக்கோ அரபி தெரியாது. எனவே இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ஹிதாயாவை முதலில் பாரசீகத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1791இல் வெளியான அந்த மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்புதான் நூறாண்டுக்கு மேலாக ஹனஃபி மத்ஹபின் குரலாக நீதிமன்றங்களில் ஒலித்தது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈகளுக்கு வாய்த்தது இதைவிடச் சிறந்ததன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் 1914இல் ஆங்கிலத்தில் வந்தது, அரபியிலிருந்து அல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து. நமது மத்ரஸாக்களில் மாணவர்கள் மூலத்திலேயே ஓதிய கிதாபு, நீதிமன்றத்தில் மூன்றாவது கை மாறிய சரக்காக வந்து சேர்ந்தது.

விளைவு சிறிதன்று. பரம்பரைக்காகச் செய்யப்படும் வக்ஃபை எடுத்துக்கொள்வோம். தம் சந்ததியினர் அனுபவித்து வர, அவர்கள் அற்றுப்போன பின் ஏழைகளுக்குச் சேருமாறு சொத்தை வக்ஃபு செய்வதை ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. உறவினருக்குக் கொடுப்பதும் தர்மமே என்பது நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்த செய்தி. ஆனால் 1894இல் அபுல் ஃபதா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், ஏழைகளின் பங்கு பெயரளவுக்கே இருக்கிறது என்று கூறி அத்தகைய வக்ஃபு செல்லாது எனத் தீர்த்தது. தர்மம் என்ற சொல்லுக்கு ஆங்கிலச் சட்டம் கொண்ட பொருளே அங்கே அளவுகோலாயிற்று. அதற்கு முன்பே கல்கத்தாவில் நீதிபதி அமீர் அலி மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தும் பயனில்லை. முகம்மது அலி ஜின்னா முன்னின்று கொண்டுவந்த 1913ஆம் ஆண்டு வக்ஃபு செல்லுபடிச் சட்டமே அதைச் சீர்செய்தது.

1938இல் ஃபைஸி பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் பெர்ரி பேராசிரியராகவும் பொறுப்பேற்றார். பெர்ரி என்னும் அந்தப் பெயரில் ஒரு கதை இருக்கிறது. சர் எர்ஸ்கின் பெர்ரி பம்பாய் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1847இல் கோஜா, மேமன் குடும்பங்களின் வழக்கு அவர் முன் வந்தது. தந்தையின் சொத்தில் குர்ஆன் வகுத்த பங்கை மகள்கள் கேட்டார்கள். பெண்களுக்குப் பங்கு தருவதில்லை என்பது எங்கள் சமூக வழக்கம் என்றது எதிர்த்தரப்பு. பெர்ரி வழக்கத்தின் பக்கம் நின்றார். சூரத்துன் நிஸாவின் பதினோராம் வசனம் தெளிவாகச் சொல்வதை ஓர் ஊர் வழக்கம் வென்றது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அதே நீதிபதியின் பெயர் தாங்கிய நாற்காலியில் ஒரு முஸ்லிம் அமர்ந்து, மாணவர்களுக்கு இஸ்லாமியச் சட்டத்தை அதன் மூலங்களிலிருந்து கற்பித்தார்.

அவர் அமர்வதற்கு ஓராண்டு முன்புதான், 1937இல், ஷரீஅத் சட்டம் அந்த வழக்கங்களை நீக்கியிருந்தது. அப்போதும் விவசாய நிலம் விலக்காகவே இருந்தது. நஞ்சையும் புன்செயுமே சொத்தாக உள்ள குடும்பத்தில் மகளுக்கு அந்தச் சட்டத்தால் என்ன கிடைத்திருக்கும்? சென்னை மாகாணம் 1949இல் தன் திருத்தத்தின் மூலம் அந்த விலக்கை எடுத்தது. நமது ஊர்களில் நிலப்பங்கு கேட்ட சகோதரிகள் சட்டத்தின் துணையோடு நின்றது அதற்குப் பின்னரே. இன்றும் பங்கை விட்டுக்கொடுக்கும்படி தங்கைகளிடம் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார்கள் இருப்பது வேறு விஷயம். அதற்கு எந்த நூலும் பொறுப்பல்ல.

அதே 1949இல் ஃபைஸியின் முகம்மதியச் சட்டச் சுருக்க நூல் வெளியாயிற்று. சட்ட மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏந்திய நூல் அது. விதியைச் சொல்வதோடு நில்லாமல், அந்த விதி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் நீதிமன்றம் மூலத்தைவிட்டு விலகிற்று என்பதையும் அவர் காட்டிச் சென்றார். இந்திய நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்துவது ஷரீஅத் முழுவதும் அன்று, அதன் ஒரு பகுதி மட்டுமே; அதுவும் ஆங்கிலச் சட்டக் கருத்துகள் கலந்தது என்ற வேறுபாட்டை அவர் வலியுறுத்தினார். நீதிமன்றத் தீர்ப்பையே ஷரீஅத் என்று நினைத்துப் புகழ்வோரும் இகழ்வோரும் இன்றும் நிறைந்திருக்க, இது நாம் மனத்தில் இருத்த வேண்டிய வேறுபாடு.

அவருடைய பெரும் பணி வேறிடத்தில் இருக்கிறது. இஸ்மாயீலிகளின் சட்ட நூல்கள் தலைமுறைகளாக வெளியாருக்குக் காட்டப்படாமல் பெட்டிகளில் பூட்டிக் கிடந்தன. மூலம் கிடைக்காத நிலையில் ஷியாக்கள் எல்லாரையும் ஒன்றாகக் கருதி, இஸ்னா அஷரீ சட்டத்தையே அவர்கள்மீதும் பொருத்துவது எளிதாயிற்று. முத்ஆ என்னும் தவணைத் திருமணத்தை இஸ்னா அஷரீகள் அனுமதிக்கிறார்கள். ஃபாத்திமி சட்ட நூலோ, சுன்னத் வல் ஜமாஅத்தைப் போலவே, அதைத் தடுக்கிறது. மூலத்தைப் பார்த்தால்தானே இது தெரியும்? அந்த நூல் தஆயிமுல் இஸ்லாம். கெய்ரோவில் ஃபாத்திமி ஆட்சியின் தலைமைச் சட்ட அறிஞராக இருந்து கி.பி. 974இல் மறைந்த காழீ நுஃமான் எழுதியது. ஃபைஸி பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு அதைப் பதிப்பித்தார்.

அப்பணி அவர் வகித்த பதவிகள் அனைத்தினூடும் ஓடிற்று. 1949 முதல் 1951 வரை எகிப்தில் இந்தியத் தூதராக இருந்தார். முதல் பாகம் 1951இல் கெய்ரோவிலேயே வெளிவந்தது. 1952 முதல் மத்தியத் தேர்வாணையத்தின் உறுப்பினர். 1957 முதல் 1960 வரை ஜம்மு காஷ்மீர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இரண்டாம் பாகம் 1960இல் வந்தது. 1948இல் தொடங்கப்பட்டு ஒன்பதே ஆண்டு நிறைந்திருந்த பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டே, ஆயிரமாண்டுப் பழைய அரபி நூலின் பிழை திருத்துவதற்கு எப்படிப்பட்ட பொறுமை வேண்டியிருக்கும்! கோப்புகளில் கையெழுத்திடும் பதவி கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடும் கல்வியாளர்களைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது. தம்மிடமிருந்த இஸ்மாயீலி கையெழுத்துப் பிரதிகளையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. பம்பாய் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவற்றின் விளக்கப் பட்டியலை அப்பல்கலைக்கழகம் 1965இல் வெளியிட்டது.

1962இல் பத்மபூஷண் விருது பெற்றார். மறு ஆண்டு வெளிவந்த நூலில்தான் நமக்கும் அவருக்கும் வழி பிரிகிறது. இஸ்லாத்தை நவீன நோக்கில் அணுகுவது பற்றிய அந்நூலில், சட்டத்தை மார்க்கத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். வணக்கமும் நம்பிக்கையும் நிலையானவை, சட்டமோ காலத்தோடு மாறுவது என்பது அவர் நிலைப்பாடு. உலமாக்கள் இதை ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. மகளின் பங்கைச் சொல்லும் வசனத்தை அதே திருமறையிலுள்ள தொழுகை வசனத்திலிருந்து எந்தக் கோட்டால் பிரிப்பது? பெர்ரியின் தீர்ப்பில் நடந்ததும் ஒருவகைப் பிரிப்புத்தானே. நூல்களை இவ்வளவு அறிந்தவர் இந்த முடிவுக்கு வந்தது வருத்தம் தருகிறது.

ஆனாலும் அவருடைய கவலையைப் பொய் என்று தள்ள இயலாது. கணவன் காணாமற்போன பெண்ணும், கைவிடப்பட்டு மணவிலக்கும் கிடைக்காத பெண்ணும் ஹனஃபி சட்டத்தின் கீழ் பட்ட துன்பம் அவர் காலத்து உண்மை. பஞ்சாபில் சில பெண்கள் திருமணத்தை முறிப்பதற்காகவே மதம் மாறியதாக அறிவித்தார்கள். அதற்குத் தீர்வு கண்டவர் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்). ஷரீஅத்தைக் கடந்து போகாமல் மாலிகீ மத்ஹபின் கிதாபுகளைத் திறந்து, நெருக்கடியில் அதன்படி நடக்கலாம் என்று ஃபத்வா அளித்தார். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அந்த வழியில் பிறந்தது. கணவன் நான்காண்டு இருப்பிடம் தெரியாமல் இருந்தாலோ இரண்டாண்டு ஜீவனாம்சம் தராவிட்டாலோ மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்றது. தேவ்பந்தில் பயின்ற ஆலிமும் கேம்பிரிட்ஜில் பயின்ற பேராசிரியரும் ஒரே காலத்தில் பழைய கிதாபுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். முன்னவர் வழியை அவற்றுக்குள்ளேயே கண்டார்.

ஃபைஸி 1981இல் காலமானார். தஆயிமுல் இஸ்லாமை ஆங்கிலத்தில் கொண்டுவரும் அவருடைய பணி அவர் காலத்தில் அச்சேறவில்லை. அவருடைய மொழிபெயர்ப்பை இஸ்மாயீல் பூனாவாலா திருத்திச் செப்பம் செய்ய, முதற்பாகம் 2002இலும் இரண்டாம் பாகம் 2004இலும் வெளிவந்தன. இம்முறை இடையில் பாரசீகமோ பிரெஞ்சோ இல்லை. நேரே அரபியிலிருந்து வந்தது.