மின்கம்பியாளர் உரிமம்

வீடு, கடை, தொழிற்கூடம், பம்புசெட்டு ஆகியவற்றில் வயரிங் வேலை செய்வோருக்கு மாநில அரசு தரும் தகுதிச் சான்றிதழ்களையும், அந்த வேலையை ஒப்பந்தமாக எடுப்போருக்குத் தரும் உரிமத்தையும் சேர்த்து மக்கள் ‘லைசென்ஸ்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் இவற்றை வழங்குவது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். அரசு அறிவிப்பில் ‘மின்கம்பியாள்’ என்று வருகிறவர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகம் கடைத்தெருவில் வயர்மேன்தான். ஆனால் ஊரில் வயர்மேன் என்றதும் கம்பத்தில் ஏறும் மின்வாரிய ஊழியர் நினைவுக்கு வருவதால் குழப்பம் உண்டு. மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் கம்பிக்கே இந்த உரிமம்.

இந்தியாவின் முதல் மின்சாரச் சட்டம் 1887இல் வந்தது. 1903இலும் பிறகு 1910இலும் அதன் இடத்தைப் புதிய சட்டங்கள் பிடித்தன. சென்னை மாகாணத்தில் பைக்காரா 1932இலும் மேட்டூர் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957இல் மின்வாரியம் அமைந்தபின் கம்பிகள் நகரங்களை விட்டுக் கிணற்றுமேடுகளுக்குப் போயின. உரிமத்தின் கதையில் முக்கியமான ஆண்டு அதற்கு முந்தைய 1956. அந்த ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதி மூன்று ஆட்களைக் கட்டாயமாக்கியது: வேலையை எடுப்பவர் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், நேரில் நின்று பார்ப்பவர் தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர், கைவைப்பவர் அனுமதிச் சீட்டு உள்ள கம்பியாள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்து, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010இலும் 2023இலும் வந்த பிறகும் இந்த மூவர் ஏற்பாடு அடிப்படையில் மாறவில்லை.

தமிழ்நாட்டுச் சான்றிதழ்களைத் தொழிலில் இருப்பவர்கள் எழுத்தைச் சொல்லியே குறிப்பிடுவார்கள். உதவியாளருக்கு எச், கம்பியாளுக்கு பி, மேற்பார்வையாளருக்கு சி. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் பிரிவில் இரண்டாண்டு படித்தவர் அனுபவச் சான்றோடு பி-க்குப் போகலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது. கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தில், கருமந்துறையில், பழங்குடியினருக்கென ஒன்று நடக்கிறது. சி-க்குப் பெரும்பாலும் மின்பொறியியல் பட்டயமோ பட்டமோ வழி. ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு இப்படிச் சான்றிதழ் உள்ள ஆட்களைக் காட்ட வேண்டும். மெக்கர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகளையும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும்.

ஏட்டில் இருக்கும் படிக்கட்டு இது. தெருவில் இருப்பது வேறு. கோட்டை மலையடியில் தியாகதுருகத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பையன்கள் பெரும்பாலும் ஒரு மேஸ்திரியின் கையாளாகத்தான் தொழிலுக்குள் வருகிறார்கள். முதல் வருடம் சுவரில் காடி வெட்டுவது, பைப் பதிப்பது, கம்பி இழுக்க ஸ்பிரிங் விடுவது. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது சொல்லித்தராமலே மனதில் பதியும். எர்த் குழியில் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போடச் சொல்வார் மேஸ்திரி. ஏன் என்று கேட்டால், ஈரம் நிற்க வேண்டும் என்பார். பதில் சரிதான். மண்ணின் மின்தடை குறைய வேண்டும் என்பதைத்தான் ஐ.எஸ். 3043 என்ற எர்த்திங் தரநிலையும் பேசுகிறது. ஒரே விளக்கைக் கீழேயும் மேலேயும் இரண்டு டூ-வே சுவிட்சால் போட்டு அணைக்கும் மாடிப்படி வயரிங்கை ஐடிஐ மாணவர் பலகையில் கற்கிறார், கையாள் யாரோ ஒருவருடைய வீட்டில் கற்கிறார். கரும்பும் மரவள்ளியும் விளையும் இந்தப் பகுதியில் பம்புசெட்டு ஸ்டார்ட்டரும் மோட்டார் காயில் கட்டும் பட்டறையும் இன்னொரு பள்ளிக்கூடம்.

இப்படிப் படிப்படியாக ஏறும் முறை வெளிநாடுகளிலும் உண்டு. ஐரோப்பியத் தொழிற்குழுக்களில் பயிலாள், ஜர்னிமேன், மாஸ்டர் என்று மூன்று நிலை இருந்தது. ஜர்னிமேன் என்பதில் பயணம் எதுவும் இல்லை. நாள் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த அது நம் ‘நாட்கூலி’க்கு உறவு. அமெரிக்காவின் டெக்சாஸில் 8,000 மணி நேரப் பணிக்குப் பிறகு ஜர்னிமேன் உரிமம். அந்த உரிமத்தை இரண்டாண்டு வைத்திருந்து, 12,000 மணி நேரம் நிறைந்தால் மாஸ்டர் தேர்வு எழுதலாம். தமிழர்கள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் மின் சுமையை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள்: எலக்ட்ரீஷியனுக்கு 45 கிலோவோல்ட் ஆம்பியர் வரை, அதற்கு மேல் டெக்னீஷியன், பொறியாளர்.

டெக்சாஸில் கைவேலை மணிக்கணக்காக எண்ணப்பட்டு ஒருவரை உச்சிவரை கொண்டுபோகிறது. நம்மூரில் மேற்பார்வையாளர் படியில் கல்லூரிச் சான்றிதழ் குறுக்கே நிற்கிறது. முப்பது வருடம் வயரிங் செய்த மேஸ்திரி, நேற்றுப் பட்டயம் முடித்தவரின் கையெழுத்துக்குக் காத்திருப்பது இதனால்தான். புதிய இணைப்புக்கான வயரிங் அறிக்கையில் ஒப்பந்ததாரர் கையெழுத்து இருக்கும்; வேலை செய்தவர் பெயர் இருக்காது. விதி எழுதியவர்கள் நினைத்த மேற்பார்வை இதுவல்ல.

ஐடிஐ வாசலை மிதிக்காதவர்களுக்கு இருக்கும் வழி, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐடிஐகளில் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. மாவட்ட ஆட்சியர்களின் செய்திக்குறிப்பில் சில வரிகளாக வந்து போகும் அறிவிப்பு இது. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத வயரிங் அனுபவம் வேண்டும், விண்ணப்பிக்கும் நாளில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை.