பல் மாற்றும் வித்தை

பந்தயத்தில் ஜயித்தவனுக்கு மாலை போடுகிறோம், படம் பிடிக்கிறோம், காலையில் இட்டிலி சாப்பிடுகிறானா, ரொட்டி சாப்பிடுகிறானா என்று விசாரித்துப் பத்திரிகையில் போடுகிறோம். அவனுடைய காரின் பின்னச்சுக்குள் எத்தனை பல் உள்ள சக்கரம் சுழன்றது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் சிறு கார்ப் பந்தயங்கள் கொடி கட்டிப் பறந்த நாளில், அநேக பந்தயங்களின் தலையெழுத்தை அந்தப் பல் கணக்குத்தான் எழுதிற்று. அதைக் கடைசி நிமிஷத்தில் திருத்தி எழுத வழி செய்து கொடுத்தவர்கள் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் சிலர்.

1934-ல் அந்த நகரத்தில் கில்மோர் ஸ்டேடியம் என்ற மைதானம் திறக்கப்பட்டது. கால் மைல் வட்டம், மண் தரை. அதில் ஓடிய குள்ளக் கார்களுக்கு ‘மிட்ஜெட்’ என்று பெயர். முதல் கியர், இரண்டாவது கியர் என்ற சம்பிரதாயமெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளிக் கிளப்பிவிடும். கிளம்பிய பிறகு கடைசி வரையில் ஒரே கியர்தான். அந்த ஒரே கியரும் பின்னச்சுக்குள் இருந்தது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துப் பல்சக்கரம் சிறியதாக இருந்தால் சமதரையில் பறக்கலாம். பாலத்து ஏற்றத்தில் பிராணன் போய்விடும். பெரியதாக இருந்தால் ஏற்றம் சுலபம். சமதரையில் கால்தான் சுழலும், வண்டி ஓடாது. காருக்கும் இதே நியாயந்தான். கால் மைல் வட்டத்தில் ஜயிக்கிற கியர் அரை மைல் வட்டத்தில் உதவாது. தவறான கியரோடு இறங்கியவனின் எஞ்ஜின் ஒன்று சோம்பிக் கிடக்கும், அல்லது எல்லை மீறிச் சுழன்று உடைந்து போகும்.

யுத்தம் முடிந்த 1945-க்குப் பிறகு மிட்ஜெட் மோகம் தலைக்கேறியது. இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று வாரம் முழுவதும் பந்தயம். ஊருக்கு ஊர் வட்டத்தின் அளவு வேறு. மாலையில் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்த மண், இரவு ஏற ஏறக் காய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆகவே, ஒரே இரவில் முதல் ஓட்டத்துக்கு ஒரு கியரும் கடைசி ஓட்டத்துக்கு வேறு கியரும் தேவைப்படலாம்.

பழைய முறையில் கியரை மாற்றுவதென்றால் பின்னச்சையே பிரிக்க வேண்டும். கிரவுன், பினியன் என்ற இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் புது ஜோடியைப் போட்டு, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை மெல்லிய தகடுகள் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். இதற்கு மணிக்கணக்காகும். அதற்குள் பந்தயம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

‘குவிக் சேஞ்ச்’ என்ற பின்னச்சு இந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதன் யுக்தி வெகு எளியது. எஞ்ஜினிலிருந்து வரும் தண்டு நேராகப் பினியனில் சேர்வதில்லை. அதற்கு அடியில் புகுந்து, அச்சின் பின்புறத்துக்கே வந்துவிடும். அங்கே ஒரு சிற்றறை. அதில் கீழொன்று மேலொன்றாக இரண்டு நேர்ப்பல் சக்கரங்கள். கீழ்ச்சக்கரம் மேல்சக்கரத்தைச் சுழற்றும். மேல்சக்கரம் பினியனைச் சுழற்றும். கிரவுனையும் பினியனையும் தொடவே வேண்டாம். பின்மூடியைக் கழற்றி, எண்ணெயைச் சட்டியில் பிடித்துக்கொண்டு, இந்த இரண்டை மாற்றினால் போதும். சில நிமிஷ வேலை.

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. கிரவுன்-பினியன் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். கீழே 20 பல், மேலே 25 பல் போட்டால் மொத்த விகிதம் 5. அதே ஜோடியைத் தலைகீழாக்கினால் 3.2. ஒரு ஜோடி வாங்கினால் இரண்டு கியர்!

இந்த வித்தை வெறும் நிலத்தில் முளைக்கவில்லை. ஹாரி மில்லர் என்ற மேதையின் பட்டறை 1920-களிலேயே அந்த நகரத்தில் பந்தயக் கார்களைச் செய்து புகழ் பெற்றிருந்தது. 1933-ல் மில்லர் திவாலானார். அவரிடம் வேலை பார்த்த பிரெட் ஆபன்ஹவுசர் இயந்திரங்களை வாங்கித் தொழிலைத் தொடர்ந்தார். அவருடைய எஞ்ஜின்தான் பின்னால் மிட்ஜெட் உலகத்தை ஆண்டது. பிறகு யுத்தம் வந்தது. அங்கிருந்த ஆகாய விமானத் தொழிற்சாலைகள் ஒரு தலைமுறைக்கே நுட்பமாகக் கடையவும், லேசான உலோகங்களை வார்க்கவும் கற்றுக் கொடுத்தன.

டெட் ஹாலிபிராண்ட் அப்படித் தேர்ந்தவர். டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்; பந்தயப் பித்து உள்ளவர். யுத்தத்துக்குப் பின் கல்வர் சிட்டியில் பட்டறை போட்டார். அவர் கையாண்ட உலோகம் மெக்னீஷியம். அதன் கனம் அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். இரும்பில் கால் பங்குகூட இல்லை. ஆனால் கடையும்போது விழும் சுருளில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். அந்த அபாயத்தோடு குடித்தனம் செய்து அவர் சக்கரங்களையும் பின்னச்சு உறைகளையும் செய்தார். பாட் வாரன், எர்னி கஸாலே முதலியவர்களும் இதே தொழிலில் பெயர் எடுத்தார்கள். இவர்கள் முழு அச்சையும் புதிதாகச் செய்யவில்லை. பழைய போர்டு காரின் அச்சுக் குழாய்களை அப்படியே வைத்துக்கொண்டு நடுப்பாகத்தை மட்டும் மாற்றும்படி அமைத்தார்கள். அதனால் காசில்லாத இளைஞனும் பழைய இரும்புக் கடையில் பாதிச் சாமானைத் தேடிக்கொள்ள முடிந்தது.

உலோகத்துக்குத் தாட்சண்யம் கிடையாது. 1952-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் பில் வுகோவிச் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். 200 சுற்றுகளில் 190-ஐத் தாண்டியாயிற்று. ஸ்டீயரிங்கில் ஒரு சிறு உறுப்பு ஒடிந்தது. கார் சுவரில் உராய்ந்து நின்றது. வெற்றி டிராய் ரட்மனுக்குப் போயிற்று. அடுத்த இரண்டு வருஷமும் வுகோவிச்சே ஜயித்தார். 1955-ல் அதே மைதானத்தில், முன்னணியில் போகும்போதே, விபத்தில் உயிரிழந்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஆணிக்கும் பின்னால் ஒரு மனிதனின் உயிர் இருக்கிறது என்பது பட்டறைக்காரனுக்குத் தெரியும். அந்தப் பயத்தோடுதான் அவன் கடைகிறான்.

குவிக் சேஞ்சுக்குக் குறை இல்லாமல் இல்லை. கூடுதலான இரண்டு சக்கரங்கள் சக்தியில் கொஞ்சம் விழுங்கும். நேர்ப்பல் ஆனதால் ஓயாமல் ஊளையிடும். வேடிக்கை என்னவென்றால், சாலையில் ஓட்டுவதற்கென்று பழைய கார்களைப் புதுப்பித்த இளைஞர்கள் இந்த ஊளைக்காகவே அதை வாங்கி மாட்டினார்கள்!

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. கில்மோர் ஸ்டேடியம் இருந்த இடத்தில் 1952-ல் டெலிவிஷன் நிலையம் எழுந்தது. இண்டியானாபோலிஸில் எஞ்ஜின் முன்னால் இருந்த கார் கடைசியாக ஜயித்தது 1964-ல். மறு வருஷம் ஜிம் கிளார்க் பின் எஞ்ஜின் லோட்டஸில் வந்து ஜயித்தார். ஹாலிபிராண்ட் 1991-ல் காலமானார். ஆனால் மண் தரைப் பந்தயக் கார்களில் இன்றைக்கும் அதே இரட்டைச் சக்கரங்கள் சுழல்கின்றன. ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் யாராவது ஒருவர் எண்ணெய்க் கையோடு மூடியைக் கழற்றிக் கொண்டிருக்கிறார்.

இந்தப் பட்டறைக்காரர்கள் செய்தது வேகத்தை அல்ல, வேகம் எஞ்ஜினுடையது. தரையைப் பார்த்து, மண்ணைத் தொட்டு, ‘நான் நினைத்தது சரியில்லை’ என்று ஓட்டுகிறவன் கடைசி நிமிஷத்தில் மனத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தைச் செய்து கொடுத்தார்கள். பணக்காரனுக்கு அந்தச் சுதந்திரம் எப்போதும் உண்டு. வேண்டுமென்றால் இரண்டாவது கார் வைத்துக்கொள்வான். ஏழைப் பந்தயக்காரனுக்கு அது ஒரு ஜோடிப் பல்சக்கரத்தின் விலையில் கிடைத்தது.

பழைய ஹாலிபிராண்ட் அச்சுகளில் பெயரும் ஊரும் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். காரின் பின்புறத்தில் இருப்பதால், முன்னே போகிறவன் கண்ணில் அது படாது. பின்னால் துரத்தி வருகிறவனுக்கு வேண்டுமானால் படிக்கக் கிடைத்திருக்கும்.