காக்கியும் சபாரியும்

'சபாரி' என்னும் சொல், பயணம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்று கிளைத்து, சுவாகிலி வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. 'காக்கி'யோ புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழியது. 1846இல் பெசாவரில் லம்ஸ்டன் திரட்டிய வழிகாட்டிப் படையினர் புழுதி நிற உடையை மேற்கொண்டனர். வேட்டுவர் உடையெனப் போற்றப்படுவது பெரிதும் படைஞர் உடையின் வழிவந்ததே என்பது நம் துணிபு.

1978இல் கலிபோர்னியாவில் சீக்ளர் இணையர் தொடங்கிய பனானா ரிபப்ளிக் இதற்குத் தக்க சான்று. பழைய பிரித்தானியப் படைச்சட்டையொன்றின் பொத்தான்களை மாற்றி, முழங்கையில் தோல் ஒட்டிட்டுப் புதுக்கியமையே அந்நிறுவனத்திற்கு வித்தாயிற்று. 1983இல் அதனை வேறொரு நிறுவனம் வாங்கியது. 1988இல் இணையரும் நீங்கினர். சபாரிக் கோலமும் மறைந்தது. அவ்வுடைகளையே ஆர்வலர் இன்று தேடிப் புதுக்கி அணிகின்றனர்.

புதுக்குதலில் ஒரு நெறி உண்டு. நைந்த பருத்தித் துணியைப் பாலியெஸ்டர் நூலால் தைத்தலாகாது; வலிய நூல் மெலிந்த இழையை அறுக்கும்; பருத்திச் சாயத்தையும் ஏலாது. ஒட்டை மறைக்கவும் வேண்டுவதில்லை. சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் சுவடிப் பதிப்பாசிரியரின் நேர்மை தையற்காரர்க்கும் உரியதன்றோ?

ஆண்டவர் உடையை அணிதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் லம்ஸ்டன் படையில் அப்புழுதி நிறத்தை உடுத்தோரிற் பெரும்பாலோர் ஆங்கிலேயர் அல்லர். பத்தானியர், பஞ்சாபியர் முதலிய அவ்வெல்லை நாட்டு வீரரே.