இரண்டாம் தாள்

அப்பா விருதுநகரில் ஒரு வத்தல் மண்டிக் கணக்கப்பிள்ளை. வெளியூர் வியாபாரிகளுக்கு அவர் எழுதும் கார்டின் தலையில் 'உ' இருக்கும், அதற்குக் கீழே 'லாபம்'. பிறகு க்ஷேம விசாரிப்பு, மழை உண்டா இல்லையா என்று ஒரு வரி. அப்புறம் 'இப்பவும்' என்று தொடங்குவார். சரக்கு, விலை, லாரி, தவணை எல்லாம் அதற்குப் பிறகுதான். கார்டு கைக்கு வந்ததும் வியாபாரியின் கண் நேரே 'இப்பவும்' எங்கே என்றுதான் தேடும். 1879-இல் கால் அணாவுக்கு அறிமுகமான காலத்திலிருந்தே கார்டில் இடம் கொஞ்சம். அதிலும் க்ஷேமத்தை விடமாட்டார்கள். தபாலில் போடுமுன் அப்பா சாரத்தை ஒரு நீள நோட்டில் இரண்டு வரியாகக் குறித்துக்கொள்வார். கிழவர் வழக்கம் என்று நான் சிரித்திருக்கிறேன்.

1971-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் தெப்பக்குளத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார்கள். ரெமிங்டன் நாலைந்து, 1955 முதல் இந்தியாவிலேயே செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் இரண்டு. பரீட்சைக்கு இரண்டு தாள். முதல் தாள் வேகம்: பத்து நிமிஷம், லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஊரில் பெருமையெல்லாம் அதற்குத்தான். இரண்டாம் தாள் லெட்டரும் ஸ்டேட்மென்ட்டும். அதைப் பற்றி யாரும் பெருமை பேசிக் கேட்டதில்லை. ஆனால் எனக்குச் சோறு போட்டது அதுதான்.

ஃபுல்ஸ்கேப் தாளைச் சொருகினால் ஸ்கேலில் 85 டிகிரி. நடு 42. கம்பெனி பெயரின் எழுத்துகளை இடைவெளியோடு சேர்த்து எண்ணி, இரண்டு எழுத்துக்கு ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டிப் பின்னால் போய், அங்கிருந்து அடித்தால் தலைப்பு நட்டநடுவில் உட்காரும். வலப்பக்கம் தேதி, இடப்பக்கம் பெறுநர், ஒரு விஷயத்துக்கு ஒரு பாரா, கையெழுத்துக்கு நாலு வரி காலி, கடைசியில் இணைப்பு எத்தனை என்ற கணக்கு. அச்சில் ஏறிய எழுத்தை ரப்பரால் தேய்த்தால் தாள் கிழியும். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே மனசில் அடுக்கிக்கொள்ளாமல் விரலை வைக்க முடியாது. இலக்கண வகுப்பில் எனக்கு வராத ஒழுங்கு அந்த மார்ஜின் ஸ்டாப்பில் வந்தது.

அப்புறம் தமிழ் மெஷின். யளனகபக என்று தொடங்கும் பாடம். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்கியவர் யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா. மலாயாவுக்குப் போய் ஆங்கிலேய நிறுவனத்தில் வேலை பார்த்தவர், சுருக்கெழுத்தும் கற்றவர். குமாஸ்தாவின் கஷ்டம் தெரிந்த ஆள் செய்ததால்தான் அது உருப்பட்டது என்பேன். அவர் கண்ட வழி 'நகரா விசை'. புள்ளியைத் தட்டினால் புள்ளி விழும், கேரேஜ் நகராது. அதே இடத்தில் 'க' அடித்தால் 'க்'. கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. மெஷினில் தலைகீழ். எனக்கு இது பழக ஒரு மாதம் பிடித்தது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்ததிலிருந்து அரசு அலுவலகங்களில் தமிழ் மெஷினின் தேவை பெருகியது. பொருள், பார்வை, இணைப்பு என்ற அலுவலகச் சொற்கள் எங்கள் பாடத்தாள் வழியாகத்தான் மண்டிக்குள் வந்தன. க்ஷேமமும் மழையும் வெளியே போயின.

அப்பா இருந்த மண்டியிலேயே எனக்கும் வேலை கிடைத்தது. 1976-இல் சென்னைப் பார்ட்டி ஒருவருக்கு மல்லி 20 மூட்டை, 15 நாள் தவணை என்று லெட்டர் அடித்து அனுப்பினேன். பணம் கேட்டபோது, தவணை ஒரு மாதம் அல்லவா என்றார் அவர். முதலாளி அண்ணாச்சி ஃபைலைப் புரட்டினார். நகல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள்.

"ஏம்மா, இது வெத்துப் பேப்பராவுல்ல இருக்கு?"

கார்பனை மாற்றிச் சொருகியிருக்கிறேன். நகல் முழுக்க, இடவலம் மாறி, ஒரிஜினலின் முதுகில் பதிந்து சென்னைக்குப் போய்விட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. நீள நோட்டை எடுத்து வந்தார். நான் அடித்த லெட்டரையும் அவர் அதில் குறித்து வைத்திருந்தார்: மல்லி 20, தவணை 15 நாள், தேதி. அண்ணாச்சி அதைப் பார்த்தே போனில் பேசினார். பணம் அந்த வாரமே வந்தது.

டைப்ரைட்டிங் பரீட்சை இன்றும் வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. இன்ஸ்டிடியூட்காரர்கள் மெஷின்களை வேனில் ஏற்றிப் பரீட்சை நடக்கும் கல்லூரிக்குக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். இரண்டாம் தாளில் இன்னும் லெட்டர் கேட்கிறார்கள்.