புளியமரம்: விருதுநகர்ப் பிரதேசம்

அவரைக் குடும்பத்துப் பெருவிருட்சமாகிய புளி (தாமரிண்டஸ் இண்டிகா), ஆப்பிரிக்க வெப்பமண்டலத்தைப் பூர்விகமாகக் கொண்டதென்று தாவர சாஸ்திரிகள் கருதினும், பாரத நாட்டுக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்து வேரூன்றி, மழை சுருங்கிய பிரதேசங்களில் சுதேச மரங்களுக்கு ஈடாக நிற்கிறது. அத்தகையதொரு பிரதேசம், 1985 மார்ச்சில் இராமநாதபுரம் ஜில்லாவினின்று பிரிந்த இன்றைய விருதுநகர் மாவட்டம்.

இது பாலைவனமன்று, வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆயினும் அதில் பாதியளவு வடகிழக்குப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், கோடை முழுவதும் சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்க, வைப்பாறும் அருச்சுனாநதியும் வெறும் மணலாய்க் காய்கின்றன. ஆழ இறங்கும் வேர்களும், நீர் விரயத்தைக் குறைக்கும் சிற்றிலைகளுமே இவ்வுஷ்ணத்தை மரம் தாங்குவதற்குக் காரணம். எங்கு நட்டாலும் வளரும் என்று மெச்சுவோர், கன்றுப் பருவத்தில் அதற்குத் தண்ணீர் வார்த்தவனை மறந்துவிடுகின்றனர். ஆப்பிரிக்காவின் சாகேல் வறள்வெளியிலுங்கூட அது நீரோடைகளை அடுத்தே செழிக்கிறது. நிலத்தடி ஜலத்தின் ஆதாரமில்லாத மெய்யான பாலையில் தானாகப் பிழைப்பது அரிது. நீர் தேங்குவதையும் பொறுக்காத சுபாவமாதலால், தாழ்ந்த கரிசலைவிடச் செவற்காடும் கண்மாய்க்கரையுமே அதற்கு உகந்தவை.

மாசி, பங்குனியில் ஓடு பழுப்பேறிச் சதையை விட்டு விலகும். அப்போது மழை பெய்தால் பழம் நமத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகையால், இம்மாவட்டத்துச் சிவகாசியில் பட்டாசு மருந்தை உலர்த்தித் தரும் அதே வறட்சி புளிக்கும் அநுகூலமாகிறது. ஆடவர் ஏறிக் கிளைகளை உலுக்க, உதிர்ந்த பழத்தைப் பெண்கள் வாசலில் குவித்து, ஓடுடைத்து, நார் உரித்து, கல்லின்மேல் வைத்துச் சிறு இரும்புக் கம்பியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பர். உப்பிட்டுப் பானையில் அடைத்த புளி, அடுத்த வருஷத்துக்குள் கறுத்துப் பழம்புளியாகும். கொட்டையும் வீணாவதில்லை, அதன் பருப்பு மாவு நெசவு நூலுக்குக் கஞ்சியாக உதவ, ஒருபுறம் வெள்ளை தெரியத் தரையில் தேய்த்த கொட்டைகள் தாயம் ஆடுவோர் கைக்குச் சேரும்.

புளியவிறகின் கரி வெடிமருந்துக்கு ஏற்றதென்று முற்காலத்தில் மதிக்கப்பட்டது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலால் எழுந்து, பின்னர் பட்டாசுக்கு விரிந்த சிவகாசியைச் சுற்றி இம்மரம் நிற்பது, ஒரு சுவையான தற்செயல் என்றே கொள்ளவேண்டும்.

சாலையோரத்தில் மரம் வைத்த புண்ணியத்தை, 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளுக்கு ஜனங்கள் இன்றும் உரித்தாக்குகின்றனர். அவ்வாறான சாலைப் புளியின் மகசூலை அரசாங்கம் ஆண்டுதோறும் ஏலம் விடுவது வழக்கம். மதுரை–கன்னியாகுமரி நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்றபோது அவற்றுள் பல வெட்டுண்டன. விதைக்கன்று காய்க்க எட்டு, பத்து வருஷங்கள் செல்வதால், புதிதாக நடுவோர் பெரும்பாலும் நான்கைந்து வருஷத்தில் பலன் தரும் ஒட்டுக்கன்றையே நாடுகின்றனர். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 அவ்வகையில் பெயர்பெற்றது.